500 பவுண்டும் ஒரு ஜன்னலும்: டேவிட் டாஸ்மா - ஒரு நிகழ்வு ஆய்வு

1948 பிப்ரவரி 25. லண்டன் ஆர்ச்வே மருத்துவமனையில் டேவிட் டாஸ்மா புற்றுநோயால் இறந்தார். வயது 40. வார்சாவிலிருந்து வந்த போலந்து யூதர், ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர். லண்டனில் அவருக்குச் சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது. கையிருப்பிலிருந்து 500 பவுண்டை அவர் எழுதிவைத்துவிட்டுப் போனது சிசிலி சாண்டர்ஸ் என்ற 29 வயதுப் பெண்ணுக்கு. "உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்று அவரிடம் சொல்லியிருந்தார். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான அந்த இல்லம் அப்போது இருவருடைய பேச்சில் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கதையை வழக்கமாகச் சாண்டர்ஸின் பக்கத்திலிருந்து சொல்வார்கள். குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய பெருமை அவருடையது, அதில் மாற்றுக்கருத்து இல்லை. இங்கே கட்டிலில் கிடந்தவர் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். கடவுளை விட்டு விலகியிருந்த ஒருவர் சாகும் தறுவாயில் எப்படித் திரும்பி வந்தார்? படுத்த படுக்கையாகக் கிடந்தவரால் பிறருக்கு எப்படி ஒன்றைக் கொடுக்க முடிந்தது? இரண்டையும் சாத்தியமாக்கியது ஒன்றேதான் என்பது எங்கள் முடிவு: அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தயாராக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது

சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றார். முதுகுவலி அந்த வேலையைத் தொடர விடவில்லை. பிறகு படித்து, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளின் வீட்டுநிலை, பணநிலை, சிகிச்சைக்குப் பிந்தைய ஏற்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும் சமூகப் பணியாளரானார். 1947-இல் அங்கே ஒரு வார்டில் டாஸ்மாவைச் சந்தித்தார். அறுவை சிகிச்சையால் எடுக்க முடியாத புற்று. டிஸ்சார்ஜ் ஆன பிறகு தனியாக ஒரு வாடகை அறையில்தான் இருக்கப்போகிறார் என்று தெரிந்ததால், சாண்டர்ஸ் தொடர்பை விடவில்லை. 1948 தொடக்கத்தில் டாஸ்மா சரிந்து விழுந்து ஆர்ச்வேயில் சேர்க்கப்பட்டார். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ 25 தடவை சாண்டர்ஸ் போய்ப் பார்த்தார்.

25 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை, வேலை முடிந்த பிறகு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை போய், பழக்கூடையை வைத்துவிட்டு, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். முதல் சந்திப்பில் நோயாளி வந்தவரைச் சமாதானப்படுத்துகிறார், இரண்டாவதில் நோயைப் பற்றிப் பேசுகிறார். வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு வருவதற்கு நாலாவது, ஐந்தாவது சந்திப்பாவது ஆகிவிடும். டாஸ்மாவை வாட்டியது, தான் வாழ்ந்ததற்கு உலகத்தில் ஒரு சுவடும் இல்லையே என்ற எண்ணம். நெரிசலான, சத்தம் நிறைந்த வார்டு அது. நோயின் தொந்தரவுகளைத் தணிப்பது அவருக்குத் தேவைதான். ஆனால் அதையும்விடத் தான் யார் என்பதை யோசித்துத் தீர்க்க நேரமும் இடமும் தேவைப்பட்டன என்று சாண்டர்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தையும் இடத்தையும் தரக்கூடிய ஓர் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

நம்பிக்கை திரும்பிய விதம்

சாண்டர்ஸ் அப்போது ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். அந்த நம்பிக்கை அவருக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. புதிதாக நம்பிக்கை கிடைத்தவர்களுக்கு அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வேகம் அதிகம். எதிரே சாகப்போகும் மனிதர். மதப்பிரசங்கம் நடக்க எல்லாச் சூழலும் இருந்தும் நடக்கவில்லை.

ஒருநாள் டாஸ்மா, ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார். சாண்டர்ஸ் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான வேதப்பகுதி அது. டாஸ்மா இன்னும் சொல்லச் சொன்னார். தெரிந்த வேறு சங்கீதங்களையும் சொல்லி முடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்து வாசிக்கட்டுமா என்று கேட்டார் சாண்டர்ஸ். "வேண்டாம், உங்கள் மனத்திலும் இதயத்திலும் இருப்பது மட்டும் போதும்" என்றார் டாஸ்மா. அன்றிரவு சாண்டர்ஸ் 130-ஆம் சங்கீதத்தை நெட்டுருப் போட்டார், அடுத்த முறை சொல்வதற்காக.

சிகிச்சையில் இருப்பவருக்காகப் பிரார்த்தனை செய்யப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். எதைச் சொல்வது என்று தேர்ந்ததில் நோயாளியின் மரபுக்கு இடம் இருந்தது. போதும் என்றோ இன்னும் வேண்டும் என்றோ முடிவு செய்தது நோயாளி. புத்தகத்தைப் பிரித்தால் கண் எழுத்தில் இருக்கும். மனப்பாடமாகச் சொன்னால் கண் படுத்திருப்பவர் முகத்தில் இருக்கும், அவர் களைத்தால் உடனே தெரியும். நாம் ஓதும் பதிகமோ சூராவோ சங்கீதமோ, பத்து வரி மனப்பாடமாக இருந்தால் கட்டிலோரத்தில் அது நூறு பக்கத்துக்குச் சமம்.

இறப்பதற்கு முன் டாஸ்மா வார்டு சிஸ்டரிடம், தன் முன்னோர்களின் கடவுளோடு சமாதானம் செய்துகொண்டதாகச் சொன்னார். 'முன்னோர்களின் கடவுள்' என்பதுதான் இங்கே முக்கியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சமயத்துக்கு அவர் மாறவில்லை. தான் விட்டுவந்த வழியைத் தானே கண்டுபிடித்துத் திரும்பினார். சாண்டர்ஸ் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், பிற்பாடு தன் இல்லத்தின் அடிப்படைகளில் ஒன்றாகவே வைத்தார். ஜன்னல் என்றால் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் திறந்திருப்பது. மனமும் இதயமும் என்றால் அறிவியலும் நட்பும் ஒன்றாக இருப்பது. மூன்றாவது, அவரவர் ஆன்மா அவரவர் வழியில் போகும் சுதந்திரம்.

இந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டு நம்பிக்கையைப் பற்றிக் கேட்க ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1990-களில் வகுத்தது. நான்கே கேள்விகள், நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: "கஷ்டம் வந்தா எதைப் பிடிச்சுக்குவீங்க?", "இந்த நோய் விஷயத்துல அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?", "சேர்ந்து கும்பிடவோ தொழவோ ஆட்கள் இருக்காங்களா?", "இதுல நாங்க என்ன பண்ணணும்?" நான்காவதை விட்டுவிட்டால் முதல் மூன்றும் வெறும் விசாரணை ஆகிவிடும். பதில் "எனக்கு அதெல்லாம் இல்லீங்க" என்று வந்தால் அதுவும் முழுமையான பதில்தான். அங்கே நிறுத்திக்கொண்டு, "பேரப்பிள்ளைகளை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "எல்லாம் கர்மா", "கடவுள் சோதிக்கிறார்", "நம்பிக்கை இருந்தா குணமாகியிருக்கும்." மூன்றாவதைப் போலக் கொடியது இல்லை. நோய் திரும்பும் நாளில் அந்த மனிதர் நோயோடு சேர்த்துக் குற்றத்தையும் சுமப்பார்.

கொடுக்க இடம் விடுவது

டாஸ்மா அந்த 500 பவுண்டைக் கொடுத்தபோது, எதற்கு வீண் சிரமம் என்று மறுப்பது எளிது. உங்கள் பணத்தை உங்களுக்கே செலவு பண்ணுங்கள் என்று சொல்வது கரிசனமாகக்கூடத் தோன்றும். சாண்டர்ஸ் வாங்கிக்கொண்டார். தான் வாழ்ந்ததற்குச் சுவடு இல்லையே என்று தவித்தவருக்கு அந்தச் சுவட்டை உண்டாக்கும் வழி அந்த நிமிடத்தில் கிடைத்தது.

மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து நோயாளி வாங்குகிறவர் ஆகிவிடுகிறார். மருந்து, சாப்பாடு, இரக்கம், அறிவுரை எல்லாம் உள்ளே வருகிறது, வெளியே எதுவும் போவதில்லை. சாண்டர்ஸ் பின்னாளில் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி: தான் சாகப்போகிறேனா என்று நேரடியாகக் கேட்ட ஒருவரிடம் ஆம் என்றார் அவர். அதைச் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று அந்த நோயாளி கேட்டார். ஆமாம் என்றதும், "நன்றி. கேட்டுக்கொள்வது கஷ்டம், சொல்வதும் கஷ்டம்தான்" என்றார். மரணச் செய்தியைக் கேட்ட அதே மூச்சில் மருத்துவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு மனிதரால் முடிகிறது. நாம் அதற்கு இடம் விட வேண்டும்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பிறருக்கு உதவ விரும்புகிறவர்களுக்கு நடைமுறை விவரம் அவசியம். 21 நாள் சுழற்சியில் கீமோ போகிறவர்களை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மருந்து ஏறும். அடுத்த நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும். பல மருந்துகளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும், அந்த வாரம் கூட்டத்துக்கோ இன்னொரு நோயாளியின் படுக்கைக்கோ போகக்கூடாது. மூன்றாவது வாரம் உடம்பு தேறும். ஆகவே நேரில் போய்ச் செய்யும் உதவி மூன்றாவது வாரத்தில், போனில் பேசும் உதவி இரண்டாவது வாரத்தில். உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் எந்த உதவியையும் போட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலைவரை காத்திருக்கக்கூடாது.

என்ன உதவி? புதிதாக வந்தவருக்கு ரிப்போர்ட் எங்கே வாங்குவது, எந்த கவுன்ட்டருக்கு எத்தனை மணிக்குப் போவது, காப்பீட்டு அட்டைக்கு என்ன ஜெராக்ஸ் வேண்டும், கீமோ நாளில் காலையில் என்ன சாப்பிட்டால் வயிறு தாங்கும் என்று சொல்வது. முதல்முறை வந்து திகைத்து நிற்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி அந்த வளாகத்தில் கிடையாது.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. "எனக்கு இந்த மருந்து கேட்டது, நீங்களும் கேளுங்க" என்று மருந்து சொல்வது முதல் தவறு. ஒரே உறுப்பின் புற்றிலும் வகை வேறு, மருந்து வேறு. மீந்த மாத்திரையைப் பகிர்வது இரண்டாவது. மார்ஃபின் போன்ற கடும் வலிக்கான மருந்துகளில் அது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. மூன்றாவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: உதவி பெற்றவர் இறந்துபோவார். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் துணையாக நின்றால் அந்த இறப்புகளெல்லாம் சேர்ந்து, தன் சிகிச்சையையே விட்டுவிடும் அளவுக்கு ஆளை அழுத்தும். ஒரு சமயத்தில் இரண்டு பேர் போதும். தன்னைக் கவனித்துக்கொள்ளவும் ஒருவர் இருக்க வேண்டும். மார்பகத்தை இழந்த டெரீஸ் லாசர் 1952-இல் நியூயார்க்கில் தொடங்கிய ரீச் டு ரெக்கவரி இயக்கத்தில், பயிற்சி பெற்ற பிறகே தொண்டர்கள் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார்கள், மருத்துவ ஆலோசனை சொல்வதில்லை. நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது என்பதை அனுபவத்தில் உணர்ந்து வைத்த விதி அது.

வலி தணியாமல் இவை எதுவும் நடக்காது

டாஸ்மா இறந்த பிறகு சாண்டர்ஸ், செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் மாலை நேரங்களில் தொண்டு செய்தார். அங்கே மார்ஃபினை வலி வந்த பிறகு தராமல், நேரம் பார்த்து வாய்வழி தந்துகொண்டிருந்தார்கள். பெரிய மருத்துவமனைகளில் வழக்கம் நேர்மாறு. அறுவை சிகிச்சை நிபுணர் நார்மன் பாரெட், இறப்பவர்களைக் கைவிடுவது மருத்துவர்கள்தான், மருத்துவம் படிக்காமல் நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று சாண்டர்ஸுக்குச் சொன்னார். அதன்பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் மருத்துவரானார். 1958-இலிருந்து ஹாக்னி செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் 1000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் வலி, மருந்து, அளவு எல்லாவற்றையும் குறித்துவைத்தார்.

'வலித்தால் கொடு' என்ற முறை ஏன் தோற்கிறது? நோயாளிக்கு முதலில் வலிக்க வேண்டும். அவர் கூப்பிட வேண்டும். நர்ஸ் வர வேண்டும், சாவி எடுத்து அலமாரி திறக்க வேண்டும். விழுங்கிய மருந்து வேலை செய்ய அரை மணியாவது ஆகும். அதற்குள் வலி உச்சத்துக்குப் போயிருக்கும், அதை அடக்கக் கூடுதல் அளவு வேண்டும், கூடுதல் அளவில் மயக்கம் வரும். தெளிந்து எழுந்தால் மறுபடி வலி. அந்த மனிதர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்த ஊசிக்குக் கெஞ்சிக்கொண்டு கிடப்பார். பார்ப்பவர்கள் அதைப் போதைப் பழக்கம் என்று தப்பாக எண்ணுவார்கள்.

இன்றைய நடைமுறை: சாதாரண மார்ஃபின் மாத்திரையை மருத்துவர் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராமில், 4 மணிக்கு ஒருமுறை என்று தொடங்குவார். முதியவர்களுக்கு அதில் பாதி, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைவாக, இடைவெளியைக் கூட்டி. இடையில் வலி கிளம்பினால் ஒரு வேளை அளவு உபரியாக, அதாவது ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. படுக்கப்போகும்போது இரட்டை அளவு கொடுப்பது பல இடங்களில் வழக்கம், இரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கான மருந்து முதல் நாளிலிருந்தே கூடவே வர வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்தும் குடும்பங்களை விசாரித்தால், பல நேரம் ஐந்து நாள் மலம் போகாததுதான் காரணமாக இருக்கும்.

1964-இல் ஒரு பெண் நோயாளி சொன்னதைச் சாண்டர்ஸ் பதிவு செய்திருக்கிறார். "வலி முதுகில்தான் ஆரம்பித்தது டாக்டர், இப்போது என் முழு உடம்புமே சரியில்லாத மாதிரி இருக்கிறது." தொடர்ந்து, கணவரும் மகனும் அருமையானவர்கள், ஆனால் என்னைக் கவனிக்க வேலையை விட்டுச் சம்பளத்தை இழக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். யாரும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்றார். கடைசியில், மறுபடியும் பத்திரமாக உணரத் தொடங்குவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் அந்த ஒரே பதிலில் இருக்கிறது. சாண்டர்ஸ் இதற்கு 'முழுவலி' என்ற பொருளில் பெயர் வைத்தார். முழுவலிக்கு மாத்திரை மட்டும் போதாது. ஆனால் வரிசை மாறக்கூடாது. உடம்பு வலியில் துடிப்பவரிடம் கடவுளைப் பற்றிப் பேசுவது கொடுமை.

இந்தியாவில்

மார்ஃபின் எடுக்கப்படும் அபினைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் தோழர்களும் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்திலிருந்து கேரளம் முழுக்க உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போகும் முறை வளர்ந்தது. மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று சிகிச்சையின் தொடக்கத்திலேயே விசாரித்து வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

நம் வீடுகளில் நம்பிக்கை பெரும்பாலும் நேர்த்திக்கடனாக வரும். அதை மறுக்காமல், சிகிச்சையோடு பொருந்தும்படி நாள் குறித்துக் கொடுக்கலாம். மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர் கீமோ தொடங்கும் முன்பே போட்டுவிடலாம். முடி கொட்டும் மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்தில் அது எப்படியும் போகும், தலையணையில் கொத்துக்கொத்தாகப் பார்ப்பதைவிடச் சாமிக்குக் கொடுத்த முடி மனசுக்கு லேசு. வெள்ளணு குறைந்த வாரத்தில் சவரக்கத்தி கூடாது, மெஷின் மட்டும். அலகு குத்துவதும் தீமிதியும் சிகிச்சை முடிந்து மருத்துவர் சரி என்ற பிறகு. குளத்துத் தீர்த்தத்தை வாயில் விடாமல் தலையில் தெளித்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு படும் இடத்தில் விபூதி, சந்தனம், குங்குமம், எண்ணெய் எதுவும் பூசக்கூடாது, அங்கே அடையாளத்துக்காகப் போட்ட கோடுகளைத் தேய்த்து அழிக்கவும் கூடாது. நெற்றியில் இட்டுக்கொள்ள, நெற்றி கதிர்வீச்சுப் பகுதியில் இல்லாவிட்டால், தடையில்லை.

விரதத்தில்தான் ஆபத்து அதிகம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறும் நாட்களில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை, சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் போட வேண்டும், வெறும் வயிற்றில் போடக்கூடாது. நோன்பு மாதத்தில் நோயாளிக்கு மார்க்கமே விலக்கு தந்திருக்கிறது. வீட்டில் வேறொருவர் அவருக்காக விரதம் இருப்பதும் நம் வழக்கத்தில் உண்டு.

எம்ஆர்ஐ அறை வாசலில் அடிக்கடி நடக்கும் ஒன்று: இடுப்பிலோ கழுத்திலோ உலோகத் தாயத்து. கழற்றியாக வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் போட்டால், உள்ளே போகிறவர் ஸ்கேன் முடியும் வரை நடுங்கிக்கொண்டிருப்பார். அவிழ்த்து, அம்மா கையிலோ மனைவி கையிலோ கொடுத்து, "இதை இவங்க உள்ளங்கையில வச்சுக்கிட்டு வாசல்லயே இருப்பாங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும்.

ஜன்னல்

டாஸ்மா கொடுத்த பணத்தைச் சுற்றி இல்லம் எழும்ப 19 வருடம் ஆயிற்று. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில், 54 கட்டில்களோடு 1967 ஜூலையில் திறக்கப்பட்டது. வாசலருகே ஒரு கண்ணாடி ஜன்னல் அவருடையது. 1969-இல் அங்கிருந்து நர்ஸுகள் வீடுகளுக்கே போகத் தொடங்கினார்கள். சாண்டர்ஸுக்கும் கடைசியில் மார்பகப் புற்றுநோய் வந்தது. 2005 ஜூலை 14-ஆம் தேதி, 87-ஆம் வயதில், அந்த இல்லத்திலேயே ஒரு நோயாளியாக இறந்தார்.